ஆளில்லாத தெரு, வானமில்லாத நகரம்

காரைக்காலைச் சுற்றி மலை கிடையாது; பேருக்கு ஒரு குன்றும் கிடையாது. நெரவி வயல் வரப்பில் நின்று நாலா பக்கமும் பார்த்தால், தலைக்கு மேலே எழும்பி நிற்பவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். மாதா கோயிலின் கூர்கோபுரம், பள்ளிவாசல் மினாராக்கள், தண்ணீர்த் தொட்டிகள், செல்போன் கோபுரங்கள். ஓ.என்.ஜி.சி. வந்த பிறகு அவர்களுடைய இரும்புச் சட்டங்களும் சேர்ந்துகொண்டன. மற்றதெல்லாம் பனையும் தென்னையும்தான். இவ்வளவு தட்டையான மண்ணிலிருந்து கப்பலேறிப் போனவர்கள், போன இடத்திலிருந்து உயரமான கட்டடங்களின் படத்தை ஊருக்கு அனுப்பிவைத்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. 1954 நவம்பர் 1இல் இந்தியாவோடு சேர்ந்தது. 1962 ஆகஸ்டில் இந்தியாவும் பிரான்சும் செய்துகொண்ட இணைப்பு ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் எழுதிக் கொடுக்க ஆறு மாதம் தவணை தரப்பட்டது. எழுதிக் கொடுத்தவர்கள் உண்டு. அதற்கு முன்பே பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சொல்தா, அதாவது சிப்பாய், ஆனவர்களும், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சைகோனில் உத்தியோகம் பார்த்தவர்களும் உண்டு. அந்தக் குடும்பங்களின் பழைய வீட்டுக் கூடத்தில், சாமி படத்துக்கும் மாமாவின் ராணுவ உடைப் படத்துக்கும் நடுவே, கறுப்பு வெள்ளையில் ஒரு பாரீசு தொங்கும். ஈபிள் கோபுரம், நோத்ருதாம், வெற்றி வளைவு, செய்ன் ஆற்றுப் பாலம் என்று ஏதாவது ஒன்று.

அந்தப் படங்களின் பழைய வகையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் இரண்டு விஷயம் உறுத்தும். உலகத்தின் பெரிய நகரங்களில் ஒன்று, தெருவில் ஆளைக் காணோம். அடுத்தது, மேலே வானத்தைக் காணோம். கட்டடம் முடிகிற இடத்தோடு படமும் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் வெறும் காகிதம். படம் எடுத்தவரின் ரசனை அது என்று தோன்றலாம். ரசனை பின்னால் வந்தது. முதலில் வந்தது ரசாயனம்.

நகரப் படத்துக்குத் தகப்பன் ஒரு நாடகத் திரைச்சீலைக்காரர். லூயி தாகேர் பாரீசில் மேடைக்குக் காட்சித் திரை எழுதியவர். அதற்கும் முன்னால் பியேர் பிரேவோ என்ற பனோரமா ஓவியரிடம் கையாளாக இருந்தார். பனோரமா அந்தக் காலத்தின் பெரிய பொழுதுபோக்கு. ராபர்ட் பார்க்கர் என்ற ஓவியர் எடின்பரோவில் ஒரு குன்றின் மேலிருந்து தெரிந்த நகரத்தைச் சுற்றிலும் வரைந்து, 1787இல் அந்த முறைக்கு உரிமையும் வாங்கினார். வட்டமான மண்டபம், அதன் உட்சுவர் முழுக்க ஒரே ஓவியம், நடுவே மேடை. காசு கொடுத்து உள்ளே போய் மேடையில் நின்றால் லண்டனோ பாரீசோ கூரை கூரையாக உங்களைச் சுற்றி நிற்கும். சொந்த ஊரின் மொட்டைமாடிகளைப் பார்க்கவே மக்கள் சீட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். கேமரா பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, ஸ்கைலைன் பார்க்கும் ஆசை பிறந்து வியாபாரமும் ஆகிவிட்டிருந்தது.

தாகேர் அந்த வியாபாரத்தில் ஒரு படி மேலே போனார். 1822இல் தியோராமா என்று ஒரு காட்சிக்கூடம் திறந்தார். பெரிய துணியில் இரண்டு பக்கமும் எழுதி, ஒளியை முன்னும் பின்னும் மாற்றி மாற்றி விட்டு, பகலை இரவாக்கிக் காட்டுவார். கோணம் பிசகாமல் வரைய அவர் கையாண்ட கருவி இருட்டுப் பெட்டி: ஒரு பக்கம் லென்ஸ், மறுபக்கம் மங்கல் கண்ணாடி. வெளியே இருப்பது கண்ணாடியில் விழும். அதன் மேல் கோடிழுத்துக்கொள்ள வேண்டியது. இந்தப் பெட்டி நம்மூருக்கும் வந்திருக்கிறது. தாமஸ் டேனியல், அவர் சகோதரர் மகன் வில்லியம் டேனியல் என்ற இரண்டு ஆங்கில ஓவியர்கள் 1792இல் தெற்கே பயணம் செய்து தஞ்சைப் பெரிய கோயிலை வரைந்தார்கள். அவர்களிடமும் இருட்டுப் பெட்டி இருந்தது. கண்ணாடியில் விழுந்த கோயில், பெட்டியைத் திருப்பியதும் போய்விடும். எது நின்றதோ அது கையால் எழுதியது.

போகவிடாமல் நிறுத்திவைத்தவர் இன்னொரு பிரெஞ்சுக்காரர், நிசேபோர் நியேப்ஸ். சோன் ஆற்றுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், லெ க்ரா என்ற தன் வீட்டின் மாடிச் சன்னலில் பெட்டியை வைத்து, ஈயக்கலவைத் தகட்டில் ஒரு வகைத் தாரைப் பூசி வெயிலில் விட்டார். வெளிச்சம் பட்ட இடத்தில் தார் இறுகியது. படாத இடத்தை லாவெண்டர் எண்ணெய் கழுவிக்கொண்டு போனது. 1826 அல்லது 1827இல் எடுத்த அந்தத் தகடுதான் இன்று மிஞ்சியிருக்கும் மிகப் பழைய கேமராப் படம். அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. எட்டு மணி நேரம் திறந்து வைத்திருந்தார் என்பார்கள் சிலர், நாள்கணக்கு என்பார்கள் சிலர். எப்படியானாலும் சூரியன் கிழக்கிலிருந்து மேற்கே போய் முடிந்திருக்கிறது: முற்றத்தின் இரண்டு பக்கச் சுவர்களிலும் வெயில் அடிக்கிறது. அந்தப் படத்தில் இருப்பது என்ன? மனைவி முகமா, மேசை மேல் பூவா? இல்லை. புறாக்கூண்டு, சாய்ந்த கூரை, ஒரு மரம், பின்னால் வெளுத்த வானம். உலகத்தின் முதல் படமே வீட்டுக்கூரைகளின் விளிம்புதான். அசையாமல் இருந்தது அது ஒன்றுதானே.

நியேப்சும் தாகேரும் 1829இல் கூட்டுச் சேர்ந்தார்கள். நியேப்ஸ் 1833இல் இறந்துபோனார். தாகேர் தாரை விட்டுவிட்டு வெள்ளிக்கு வந்தார். வெள்ளி முலாம் போட்ட செப்புத் தகட்டைக் கண்ணாடிபோலத் தேய்த்து, அயோடின் புகையில் காட்டி, பெட்டியில் வைத்துத் திறந்து மூடி, பிறகு சூடான பாதரசத்தின் ஆவியில் பிடித்தால் படம் எழும்பியது. நேரம் மணிக்கணக்கிலிருந்து நிமிடக்கணக்குக்கு இறங்கியது. நெகட்டிவ் கிடையாது, நகல் கிடையாது. இடம் வலம் மாறிய ஒற்றைத் தகடு. சாய்த்துப் பிடித்தால் படம், நேரே பிடித்தால் பார்ப்பவர் முகம்.

1838இல், தியோராமாவுக்குப் பின்புறம் தான் குடியிருந்த வீட்டின் மாடியிலிருந்து, தெரிந்த தெருவை எடுத்தார். பூல்வார் து தாம்ப்ல் என்ற அகலமான சாலை. நாடகக் கொட்டகைகள் நிறைந்தது. மேடையில் தினமும் கொலையும் கொள்ளையும் நடந்ததால் பாரீசுக்காரர்கள் அதைக் குற்றச் சாலை என்றே கேலியாக அழைத்தார்கள். எப்போதும் ஜேஜே என்றிருக்கும் இடம். காலை எட்டு மணிக்கு ஒன்று, உச்சிப்பொழுதில் ஒன்று என்று ஒரே சன்னலிலிருந்து இரண்டு தகடுகள் பதிந்தன.

காலைத் தகட்டில் கூரைகள் இருக்கின்றன. புகைக்கூண்டுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். நடைபாதையில் இரண்டு வரிசை மரங்கள். சாலை மட்டும் துடைத்துவிட்டதுபோல் காலி. குதிரை வண்டி இல்லை, ஜனம் இல்லை. கீழே இடப்பக்க மூலையில், ஒரு காலை எதன் மேலோ தூக்கி வைத்துக்கொண்டு ஒருவர் நிற்கிறார். எதிரே குனிந்து அவர் பூட்சைத் துடைக்கும் ஒருவரின் நிழலுரு. கேமராவில் விழுந்த முதல் மனிதர்கள் என்று இன்றுவரை இவர்களைத்தான் சொல்லிவருகிறோம். பேர் தெரியாது. துடைக்கக் கொடுத்தவர் ஆடாமல் நின்றதால் தப்பித்தார்.

தந்தி கண்டுபிடித்த சாமுவேல் மோர்ஸ் அப்போது பாரீசில் இருந்தார். ஓவியர் என்பதால் தாகேரின் தகடுகளைக் காணப் போனார். வண்டிகளும் ஜனமும் ஓயாமல் ஓடும் தெரு இப்படி வெறிச்சோடிக் கிடப்பதும், பூட்ஸ் துடைத்துக்கொண்டவரின் கால்கள் தெளிவாகவும் அசைந்த உடம்பு தெளிவில்லாமலும் இருப்பதும் அவர் கண்ணில் பட்டன. தம்பிக்கு எழுதிய கடிதத்தில் அதைச் சொல்லியிருக்கிறார், அது நியூயார்க் பத்திரிகை ஒன்றிலும் வந்தது. மோர்ஸ் வந்துபோன மறுநாள், 1839 மார்ச் 8, தாகேர் பதில் மரியாதைக்காக மோர்சின் தந்திக் கருவியைப் பார்க்கப் போனார். இவர் அங்கே இருந்த நேரத்தில் இங்கே தியோராமா தீப்பிடித்துச் சாம்பலானது. காட்சிக்கூடம் போன அதே ஆண்டு ஆகஸ்ட் 19இல், பிரெஞ்சு அரசு அவருடைய முறையை விலைக்கு வாங்கி உலகத்துக்கே பொதுவாக்கியது. தாகேருக்கு ஆண்டுக்கு 6,000 பிராங்கு ஓய்வூதியம். நியேப்சின் மகனுக்கு 4,000.

தெருவில் ஆள் இல்லாததன் காரணம் எளிது. நாலைந்து நிமிடம் திறந்திருக்கும் தகட்டின் முன்னால் இரண்டு நொடியில் கடந்து போகிறவர், தகட்டைப் பொறுத்தவரை வரவே இல்லை. வானத்தின் கதை கொஞ்சம் வேறு. அதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. எனக்கு அதுதான் சுவையாகப் படுகிறது.

வெள்ளி உப்புக்கு எல்லா நிறமும் தெரியாது. நீலமும் ஊதாவும் அதைச் சட்டென்று தாக்கும். பச்சை ஏறக்குறையத் தெரியாது. மஞ்சளும் சிவப்பும் இருட்டு. செங்கல் சுவரில் விவரம் பதிய வேண்டும் என்று தகட்டைத் திறந்து வைத்தால், சுவர் மெதுவாகப் பதிந்துகொண்டிருக்கும்போதே நீல வானம் பல மடங்கு வெளிச்சம் வாங்கி முற்றிலும் வெளுத்துவிடும். மேகம் வெள்ளை, அதைச் சுற்றிய நீலமும் தகட்டுக்கு வெள்ளை, அப்புறம் மேகம் எங்கே தெரியும்? கட்டடமோ கல்லும் காரையும் காவியுமாக இருண்டு இறங்கும். விளைவு: பால் வெள்ளைக்கு எதிரே கறுத்த விளிம்பு, கத்தரித்து ஒட்டியதுபோல. கண்ணால் பார்க்கும்போது நகரத்துக்கு இப்படி ஒரு விளிம்பு கிடையாது. தூரத்துக் கோபுரம் நீல மூட்டத்தில் கரைந்துதான் தெரியும், மேகம் பின்னால் நகர்ந்துகொண்டிருக்கும், காக்கை பறக்கும். ஒரு நகரத்தை அதன் கூரை விளிம்பை வைத்தே அடையாளம் காணும் பழக்கத்துக்கு, நிறம் தெரியாத அந்த வெள்ளி உப்பு பெரிதும் கைகொடுத்திருக்கிறது என்பேன். ஓவியர்கள் வானத்தை எழுத அவ்வளவு மெனக்கெட்டார்கள். கேமரா வந்து அதைத் துடைத்துப்போட்டதும் கட்டடம் மட்டும் தனியே நின்றது.

தாகேர் தன் குற்றச் சாலைத் தகடுகளை பவேரியா மன்னர் லுட்விக்குக் காணிக்கையாக அனுப்பினார். மியூனிக்கில் போய்ச் சேர்ந்தன. பிற்காலத்தில் துப்புரவு செய்யப்போய் காலைத் தகட்டின் படம் கெட்டுவிட்டது. 1937இல் எடுத்து வைத்த நகலின் புண்ணியத்தில்தான் நாம் அதைப் பார்க்கிறோம். தெருவும் மிஞ்சவில்லை. பாரீசைப் புதுப்பிக்கக் கிளம்பிய ஒஸ்மான், 1862இல் குற்றச் சாலையின் கொட்டகைகளை இடித்துத் தள்ளி அங்கே பெரிய சதுக்கத்துக்கு வழிசெய்தார். இடிபடப் போகிற சந்துபொந்துகளைப் படம் பிடித்து வைக்க நகராட்சியே சார்ல் மார்வில் என்பவரை அமர்த்தியது. அவர் எடுத்தவை 400க்கு மேல். ஈரம் மினுங்கும் கல் பாவிய தெருக்கள், அவற்றிலும் ஆளில்லை. ஒரு கையால் இடித்துக்கொண்டே மறுகையால் படமெடுக்கும் இந்த வழக்கத்தை எல்லா நகராட்சிகளும் கற்றுக்கொண்டிருக்கலாம். நம்முடையவை முதல் பாதியை மட்டும் கற்றன.

இந்தியாவுக்குத் தாகேரின் பெட்டி வரத் தாமதமாகவில்லை. 1840 தொடக்கத்திலேயே கல்கத்தாக் கடைக்காரர்கள் தாகேர் கருவிக்கு விளம்பரம் கொடுத்துவிட்டார்கள். சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் 1850இல் ஓவியப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இன்று கவின் கலைக் கல்லூரியாக இருப்பது அதன் தொடர்ச்சி. அவர் முயற்சியில் 1856இல் மதராஸ் போட்டோகிராபிக் சங்கமும் உண்டானது. ஆனால் தமிழ்நாட்டு ஊர்களுக்கு முகம் கொடுத்தவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அது கேப்டன் லின்னேயஸ் டிரைப்.

டிரைப் கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்தின் அதிகாரி. விடுப்பில் இங்கிலாந்து போனபோது படம் பிடிக்கக் கற்றுக்கொண்டார். 1854இல் ஹளேபீடு, பேலூர் கோயில்களை எடுத்தார். 1855இல் பர்மா மன்னரைப் பார்க்கப் போன தூதுக்குழுவோடு போய் எடுத்தார். அதன் பலனாக மதராஸ் அரசாங்கத்தின் அதிகாரபூர்வப் படக்காரர் வேலை கிடைத்தது. வடக்கே 1857 கலகம் இன்னும் அடங்கவில்லை. அந்த டிசம்பரில் பெங்களூரிலிருந்து மாட்டுவண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பி, அடுத்த சில மாதங்களில் ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை, திருவையாறு என்று சுற்றினார். அவர் வெளியிட்ட தொகுதிகளில் காரைக்கால் இல்லை. கம்பெனிக்காரருக்குப் பிரெஞ்சுக்காரர் ஊரில் என்ன வேலை.

அவர் கொண்டுபோனது கண்ணாடித் தகடு அல்ல, காகிதம். அந்த நாளில் கண்ணாடிக்குக் கொல்லோடியன் என்ற கரைசலைப் பூசினால் ஈரம் காய்வதற்குள், அதாவது பத்து நிமிடத்துக்குள், எடுத்துக் கழுவியும் முடித்தாக வேண்டும். தஞ்சாவூர் வெயிலில் பத்து நிமிடமும் தாங்காது. பாரீசில் குஸ்தாவ் லெ க்ரே 1851இல் கண்ட மெழுகுக் காகித முறை இந்த வெப்பத்துக்குத் தோதாக இருந்தது. காகிதத்தில் மெழுகேற்றி முன்கூட்டியே தயார் செய்து அடுக்கி வைக்கலாம். எடுத்த பிறகு சாவகாசமாகக் கழுவலாம். டிரைப்பின் காகிதங்கள் பெரியவை, ஏறக்குறைய 12க்கு 15 அங்குலம். பெரிதாக்கிப் போடும் வசதி இல்லாத காலம். நெகட்டிவ் எவ்வளவோ பிரிண்டும் அவ்வளவே.

மதுரையில் அவர் எடுத்தவற்றில் மீனாட்சியம்மன் கோயிலும் புதுமண்டபமும் பாதி இடிந்த திருமலை நாயக்கர் அரண்மனையும் தெப்பக்குளமும் உண்டு. இன்னொன்றும் உண்டு: மதுரைக்காரர்கள் விளக்குத்தூண் என்று அழைப்பது. கோட்டை மதிலை இடித்து ஊரை விரித்த கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக வைத்தது. அன்றைக்கு அது புதுசு. இன்றைக்கு ஜவுளிக்கடைக் கூட்டத்துக்கு நடுவே ஆட்டோக்காரருக்கு வழி சொல்லும் இடம். அந்த இடத்தில் ஆளே இல்லாமல் படம் இருக்க முடியும் என்று சொன்னால் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போன எவரும் நம்பமாட்டார்கள்.

தஞ்சையில் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி 19 அடிக்கு மேல் நீளும் ஒரே சுருளாக்கினார். பார்க்கர் நகரத்தைச் சுற்றி வளைத்தார் என்றால், இவர் ராஜராஜன் எழுத்தைச் சுற்றி வளைத்தார். நடுவில் நின்று வெளியே பார்ப்பது அது. வெளியே நடந்துகொண்டே உள்ளே பார்ப்பது இது. படிக்கக்கூடிய பனோரமா என்று இதைத்தான் சொல்லத் தோன்றுகிறது.

டிரைப்பின் படங்களிலும் பெரும்பாலும் ஆளில்லை. பிரகாரம் பெருக்கினதுபோலச் சுத்தம். காற்றடித்த இடத்தில் தென்னங்கீற்று புகைபோலக் கலைந்திருக்கும். ஆனால் வானத்தில் மேகம் இருக்கும்! எப்படி? நெகட்டிவின் மேல் அவரே தூரிகையால் எழுதியது. வெளுத்த வானத்தோடு கோயிலை விட அவருக்கு மனசு வரவில்லை. பஞ்சுபோல மெல்லிய மேகங்களை அங்கங்கே தீட்டினார், மர இலைகளையும் தொட்டுத் திருத்தினார். பின்னாளில் நம் ஸ்டூடியோக்களில் முகத்துத் தழும்பை மறைத்து டச்சிங் செய்தவர்களுக்கு மூத்தவர் இந்தக் கேப்டன். லெ க்ரேயின் வழி இன்னும் துணிச்சல்: கடலுக்கு ஒரு நெகட்டிவ், மேகத்துக்கு ஒரு நெகட்டிவ், இரண்டையும் ஒரே தாளில் அச்சிடுவார். ஒரே மேகம் வேறு வேறு கடல்களின் மேல் நிற்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

1858இல் மதுரை, தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை, ஸ்ரீரங்கம் என்று அவர் படங்கள் தொகுதி தொகுதியாக வெளிவந்தன. அடுத்த ஆண்டு சர் சார்லஸ் டிரெவல்யன் கவர்னராக வந்தார். கஜானா இருக்கும் நிலையில் இது ஆடம்பரம் என்று வேலையை நிறுத்திவிட்டார். டிரைப் அதன் பிறகு பெரிதாக எதுவும் எடுக்கவில்லை. இந்த நாட்டில் நல்ல காரியங்கள் நிதிநிலையால் நிற்பதற்கு நீண்ட பரம்பரை உண்டு.

இதற்குப் பிறகு சென்னையில் நிக்கலஸ் கம்பெனி, வீலே அண்டு கிளைன் போன்ற ஸ்டூடியோக்கள் நகரக் காட்சிகளைக் கண்ணாடித் தகட்டில் எடுத்து விற்றன. சென்ட்ரல் நிலையம், 1892இல் எழுந்த ஹைகோர்ட்டுக் குவிமாடங்கள், ரிப்பன் மாளிகை எல்லாம் அந்த வெள்ளை வானத்தின் முன்னால்தான் முதலில் பெயரெடுத்தன. 1959இல் மவுண்ட்ரோட்டில் (இன்றைய அண்ணா சாலை) 14 மாடி எல்.ஐ.சி. வந்தபோது அதுதான் நாட்டிலேயே உயரமான கட்டடம், 177 அடி. கறுப்பு வெள்ளை சினிமாவில் கதாநாயகன் பட்டணம் வந்துவிட்டான் என்று சொல்ல வசனம் தேவையில்லை. சென்ட்ரல் கடிகாரமும் எல்.ஐ.சி.யும் போதும்.

தகட்டின் கண்ணுக்கு வைத்தியம் ஜெர்மனியில் நடந்தது. பெர்லினில் ஹெர்மன் வில்கெல்ம் ஃபோகல் 1873இல் ஒரு சங்கதி கவனித்தார்: பூச்சில் குறிப்பிட்ட சாயம் கலந்தால் வெள்ளி உப்புக்குப் பச்சையும் தெரிய ஆரம்பிக்கிறது. அதிலிருந்து படிப்படியாக மஞ்சள், பிறகு சிவப்பு. 1906இல் லண்டன் கம்பெனி ஒன்று எல்லா நிறமும் அறியும் தகட்டைக் கடைக்குக் கொண்டுவந்தது. வானம் மறுபடி சாம்பல் நிறத்தில் திரும்பியது, மேகமும் தானாக வந்தது. டார்க்ரூம்காரர்களுக்கு மட்டும் சங்கடம்: முன்பு சிவப்பு விளக்கில் நிம்மதியாக வேலை செய்தவர்கள், இனி பிலிமைக் கும்மிருட்டில் கையால் தடவித்தான் கழுவ வேண்டும்.

வைத்தியம் முடிந்ததும் என்ன செய்தார்கள்? லென்ஸ் முன்னால் சிவப்புக் கண்ணாடி மாட்டி நீலத்தை மறுபடி மறைத்தார்கள். இம்முறை தலைகீழாக: நீலம் தகட்டை எட்டாததால் வானம் கறுத்தது, வெள்ளைக் கட்டடம் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியதுபோல் துலங்கியது. சுண்ணாம்பு அடித்த காரைக்கால் மாதா கோயிலையோ நாகூரின் 131 அடி மினாராவையோ ஐப்பசி மேகத்தோடு இப்படி எடுத்துப் பார்த்தவருக்கு, டிரைப் தூரிகை எடுத்தது ஏன் என்று புரியும். அவருக்கு வேண்டியிருந்தது இதுதான். அவர் காகிதத்துக்கு அது முடியவில்லை.

பிலிமைக்கூட நாம் இங்கேயே செய்திருக்கிறோம். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960இல் பதிவாகி 1967இல் உற்பத்தி தொடங்கியது. தொழில்நுட்பம் கொடுத்தது போஷே என்ற பிரெஞ்சு நிறுவனம். வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டின் பூச்சுக்குத் தூசியும் வெப்பமும் ஆகாது. ஊட்டிக் குளிர் அதற்கு வசதி. தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் ‘இந்து’ என்ற பேரில் அந்தத் தாளும் பிலிமும் புழங்கின. வண்ணம் வந்து, பிறகு டிஜிட்டல் வந்து ஆலை மூடிப்போனது. கோயில்களைக் கறுப்பு வெள்ளையில் பதிந்துவைக்கும் வேலையை, 1955இல் புதுச்சேரியில் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் அடுத்த ஆண்டிலிருந்தே கையிலெடுத்தது. ஒரு லட்சத்துக்கு மேல் படங்கள் அங்கே இருக்கின்றன. டிரைப் விட்ட இடத்தில் நூறாண்டு கழித்து அந்த நிறுவனம் தொடர்ந்தது என்றுகூடச் சொல்லலாம்.

கறுப்பு வெள்ளைக்கு இன்னொரு பலம், அது உலோகம் என்பது. படத்தில் கறுப்பாகத் தெரிவது நுண்ணிய வெள்ளித் துகள். வண்ணப் படத்தில் இருப்பது சாயம், சாயம் வெளிறும். கூடத்தில் மாட்டிய எண்பதுகளின் கலர் படங்கள் செம்மண் நிறத்துக்குத் திரும்பியிருக்க, அவற்றைவிட முப்பது வயது மூத்த சாம்பல் நிறப் பாரீசு அசையாமல் இருக்கிறதே, அதன் ரகசியம் அவ்வளவுதான். கழுவியவர் படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ உப்பை முழுக்க அலசாமல் விட்டிருந்தால் மட்டும் அதுவும் பழுப்பேறும். நம் கடலோர ஈரத்தில் பூஞ்சை வேறு. பழைய நெகட்டிவ் வைத்திருப்பவர்கள் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துக் காகித உறைக்கு மாற்றுவது நல்லது. ஈரம் உள்ளே அடைபட்டால் பூச்சு ஒட்டிக்கொள்ளும்.

இப்போது கேமராவுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி போதும். பறக்கிற காக்கையும் சிக்கிவிடுகிறது, எந்த நகரத்திலும் ஆளில்லாத தெரு கிடைப்பதில்லை. அதனால் கடையில் ஒரு கறுப்புக் கண்ணாடி விற்கிறார்கள். லென்ஸில் மாட்டினால் ஒளியை ஆயிரம் மடங்கு குறைக்கும். இரண்டு மாட்டி, உச்சி வெயிலிலும் கேமராவை நிமிடக்கணக்கில் திறந்து வைக்கலாம். கூட்டம் கரைந்து போய், கட்டடம் மட்டும் நிற்கும். பெருநகரக் கட்டடங்களைக் கறுப்பு வெள்ளையில் எடுப்பவர்களிடம் இன்று இதற்குத்தான் மவுசு. 1838இல் தாகேருக்கு இலவசமாகக் கிடைத்த குறையை நாம் பணம் கொடுத்து வாங்குகிறோம். எல்.ஐ.சி.யை இப்படி எடுக்க ஆசைப்படுகிறவர் அண்ணா சாலையின் சிக்னலைக் கவனித்துக்கொள்ள வேண்டும். ஓடுகிற பஸ் படத்தில் விழாது. சிவப்பில் ஒரு நிமிடம் நின்ற பஸ் பேய் மாதிரி பாதியாக விழுந்துவிடும். பச்சை விழுந்த பிறகு திறப்பது நல்லது.